மணி அடித்தது, எழுந்தது யார்?

விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினாலும் ஒரே பல்லவிதான். தரவு போதாது, இன்னும் நல்ல மாடல் வேண்டும், ஏஐ வந்தாச்சு, இனிமே முன்கூட்டியே சொல்லிடலாம். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனான எனக்கே இது எரிச்சலாக இருக்கிறது. 2006லேயே சொல்லியாச்சே ஐயா!

ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலைச் சொல்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் 'டம்போ' எனப்படும் ஆழமில்லாத பள்ளங்கள் உண்டு. அங்கே ஏடிஸ் கொசுக்களின் முட்டைகள் காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். சிலவற்றுக்குள் வைரஸும் தூங்கும். எல் நினோவோடு மேற்கு இந்தியப் பெருங்கடலும் சூடேறினால் மழை கொட்டும், பள்ளம் நிரம்பும், முட்டை பொரியும். முதலில் ஆடுமாடுகள் கன்று வீசும். அடுத்து அவற்றை அறுக்கிறவர்கள், பராமரிக்கிறவர்கள் விழுவார்கள்.

கடலின் வெப்பம், மழை, செயற்கைக்கோள் காட்டும் பச்சை. மாடலுக்குள் போனது ஏறக்குறைய இவ்வளவுதான். இதை வைத்து அசாஃப் அன்யம்பா, கென்னத் லிந்திக்கம் குழுவினர் அபாயத்தைக் கணித்தார்கள். நவம்பரில் ஐநாவின் உணவு வேளாண் அமைப்பும் எச்சரித்தது. டிசம்பரில் கென்யாவின் கரிசா பகுதியில் மனிதர்கள் சாவது தெரியவந்தது. கென்யாவில் மட்டும் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். கால்நடைகளுக்குத் தடுப்பூசி ஜனவரியில்தான் தொடங்கியது.

இந்த ஊசி தாமதமானால் வெறும் தாமதம் அல்ல. நோய் பரவத் தொடங்கிய மந்தையில் ஒரே ஊசியை மாற்றாமல் போட்டுக்கொண்டு போனால், போடுகிற ஆளே வைரஸைப் பரப்புவார். அதனால் மழைக்கு முன்னாடியே போடணும். ஆனால் அதற்கு முந்தைய பெரிய கொள்ளைநோய் 1997-98இல் வந்தது. இடையில் எட்டு, ஒன்பது வருஷம். வராமலும் போகக்கூடிய நோய்க்கு மருந்து வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, காலாவதியானால் கொட்டிவிட்டு மறுபடி வாங்க எந்த நிதியமைச்சகம் கையெழுத்துப் போடும்? கணிப்பில் இருக்கிற ஓட்டை இதுதான். அல்காரிதத்தில் இல்லை.

எங்கள் தொழிலில் ஓர் அலர்ட் வைத்தால், ராத்திரி 2 மணிக்கு அது அடித்தால் யாரு எடுக்கணும், எடுத்து என்ன செய்யணும் என்று எழுதியே ஆகணும். எழுதவில்லை என்றால் அது வெறும் சத்தம்.

காலநிலை மாறுகிறது, பழைய கணக்கு செல்லாது, அதனால் புது மாடல் வேண்டும் என்பார்கள். செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே திட்ட அறிக்கையில் எத்தனை கால்நடை மருத்துவர், எத்தனை குளிர்பெட்டி, எந்த வாரத்தில் யார் பணம் தருவது என்று ஒரு பக்கமாவது இருக்கட்டும்.

பிற்பாடு ஆய்வாளர்கள் கென்யாவின் வடகிழக்கில் சோமாலி மேய்ப்பர்களிடம் விசாரித்தார்கள். அடைமழை, கொசுப்படை, வரிசையாகக் கன்று வீசும் ஆடுகள் என்று அறிகுறிகளை அவர்கள் சரியாக அடுக்கினார்கள். என்ன வருகிறது என்று அரசின் கால்நடைத் துறைக்கு முன்பே அவர்களுக்குப் புரிந்திருந்தது. அவர்களிடம் செயற்கைக்கோள் இல்லை. ஊசியும் இல்லை.