அப்போதும் பிழைத்தனவே என்று சொல்லலாமா?

பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், படிவம் நான்கில் ஒருவராவது கையை உயர்த்தி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "டீச்சர், பூமி இதற்கு முன்னாலும் சூடாகியிருக்கிறதே? பனிக்கரடி அப்போதும் பிழைத்துத்தானே வந்திருக்கிறது? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பயம்?" கேட்பவர் பெரும்பாலும் நன்றாகப் படிக்கும் மாணவர்தான். காணொளி ஒன்றில் யாரோ அடித்துப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருப்பார்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. அதில் பாதி உண்மை இருக்கிறது. பூமி பலமுறை சூடாகியிருக்கிறது, பனிக்கரடியும் பிழைத்திருக்கிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல். பழைய காலத்துப் பதிவுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், நல்ல சான்றை வைத்துக்கொண்டே தவறான முடிவுக்குப் போய்விடுவோம்.

முதலில் அந்தப் பனிக்கரடியையே எடுத்துக்கொள்வோம். வட துருவத்துக்கு அருகே, நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே கடலோர மண் அடுக்கு ஒன்றில் 2004-ஆம் ஆண்டு ஒரு பனிக்கரடியின் கீழ்த்தாடை எலும்பு கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய 110,000 முதல் 130,000 ஆண்டுகள். நாம் இன்று வாழும் வெப்பக்காலத்துக்கு முந்தைய வெப்பக்காலம் 129,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 116,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அப்போது வட துருவப் பகுதியின் கோடைகள் இன்றைவிடச் சில டிகிரி சூடாகவே இருந்தன. ஆகவே பனிக்கரடி இனம் ஒரு கடும் வெப்பத்தைத் தாண்டி வந்திருப்பது உண்மை.

ஆனால் ஒரு தாடை எலும்பு, இனம் பிழைத்தது என்று மட்டுமே சொல்லும். எத்தனை கரடிகள் பட்டினியில் செத்தன, மிஞ்சியவை எந்த மூலையில் ஒதுங்கின, மறுபடி பெருக எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை அது சொல்லாது. வெள்ளம் அடித்துப்போன கம்பத்தில் ஒரு குடும்பம் உயிரோடு இருக்கிறது என்பதற்காக, கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வோமா?

அப்படியானால் பழைய பதிவுகளால் பயனில்லையா? நேர் எதிர். துருவங்களின் எதிர்காலத்தைக் கணிக்க அவற்றைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. கணினி மாதிரிகள் வேண்டும்தான். ஆனால் அந்த மாதிரி சரியா என்று சோதிக்கவும் ஏற்கெனவே நடந்த ஒன்று வேண்டுமே!

எனக்கு மிகவும் பிடித்த பதிவு ஒன்றைச் சொல்கிறேன். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், அமெரிக்க இராணுவம் கிரீன்லாந்தின் வடமேற்கில் பனிக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி 'கேம்ப் செஞ்சுரி' என்ற முகாமை அமைத்தது. மின்சாரத்துக்கு ஒரு சிறிய அணு உலைகூட அங்கே ஓடியது. விஞ்ஞானிகள் அந்த முகாமிலிருந்து 1966-இல் ஏறக்குறைய 1,390 மீட்டர் ஆழம் துளைத்துப் பனிப்படலத்தின் அடியைத் தொட்டார்கள். அதற்கும் கீழே இருந்து மூன்றரை மீட்டர் அளவுக்கு உறைந்த மண்ணையும் எடுத்தார்கள். பனியைப் பலர் ஆராய்ந்தார்கள். மண்ணை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது குளிர்ப்பெட்டியிலிருந்து குளிர்ப்பெட்டிக்கு மாறி, டென்மார்க்குக்குப் போய், கண்ணாடிக் குடுவைகளில் மறக்கப்பட்டுக் கிடந்தது. 2017-இல் புதிய குளிர்கிடங்குக்குப் பொருள்களை மாற்றும்போதுதான் மறுபடி கண்ணில் பட்டது.

அந்த மண்ணைக் கழுவிப் பார்த்தவர்கள், மேலே மிதந்து வந்த சின்னஞ்சிறு குச்சிகளையும் இலைகளையும் கண்டார்கள். இன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான பனி மூடியிருக்கும் இடம் அது. அங்கே ஒரு காலத்தில் செடிகள் வளர்ந்திருக்கின்றன.

எப்போது? அதைக் கண்டுபிடித்த வழி இயற்பியலில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும். மணல் துகள் இருட்டில் புதைந்திருக்கும்போது, சுற்றியுள்ள கதிரியக்கத்தால் அதன் படிகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கிக்கொள்ளும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு கரைந்து சுழியத்துக்கு வந்துவிடும். எனவே துகளை இருட்டறையில் வைத்து, அதன்மேல் குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சி, அது வெளியிடும் மங்கிய வெளிச்சத்தை அளந்தால், கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். 2023-இல் வெளியான விடை: ஏறக்குறைய 416,000 ஆண்டுகள்.

இதில் வயிற்றைக் கலக்கும் செய்தி வேறு. அந்தக் காலத்துக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்பதும் நமக்குத் தெரியும். தென் துருவத்தில் 'டோம் சி' என்ற இடத்தில் எடுத்த பனித்தண்டில் 800,000 ஆண்டுக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. கேம்ப் செஞ்சுரியில் செடி முளைத்த அந்த வெப்பக்காலத்தில், மில்லியனில் ஏறக்குறைய 280 பங்கே கரியமில வாயு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு வாயு இல்லாமலேயே வடமேற்குக் கிரீன்லாந்தில் பனி கரைந்திருக்கிறது. அந்த வெப்பக்காலம் ஏறக்குறைய 30,000 ஆண்டுகள் நீடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பனி ஒரே நாளில் போய்விடவில்லை. இந்த இரண்டாவது தகவலை விட்டுவிட்டு முதல் தகவலை மட்டும் தலைப்பாகப் போடும் செய்திகளை நான் விரும்புவதில்லை.

பதிவு என்றால் பனியும் மண்ணும் மட்டும் அல்ல. உயிருள்ள ஒரு விலங்கின் உடலுக்குள்ளேயும் அது இருக்கும். தென் துருவக் கடலடியில் டர்கெட் ஆக்டோபஸ் என்ற இனம் வாழ்கிறது. தாய் இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சு, அதிக தூரம் போகாமல் அக்கம்பக்கத்திலேயே கடலடியில் ஊர்ந்து வாழும். மேற்கு அண்டார்டிகாவின் பெரும் பனிப்படலம் வெடல் கடலையும் ராஸ் கடலையும் பிரித்து வைத்திருக்கிறது. அப்படியானால் இந்தக் கடல்களில் வாழும் ஆக்டோபஸ்கள் நெருங்கிய உறவாக இருக்க முடியாது. ஆனால் 96 ஆக்டோபஸ்களின் மரபணுவை ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வு, அவை ஒரு காலத்தில் கலந்து வாழ்ந்ததைக் காட்டியது. இடையில் இருந்த பனி உருகிக் கடல் வழி திறந்திருந்தால் மட்டுமே அது நடக்கும். நடந்த காலம், பனிக்கரடித் தாடையோடு நாம் பேசிய அதே வெப்பக்காலம். அப்போது உலகச் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 0.5 முதல் 1.5 டிகிரி வரைதான் கூடுதல். கடல் மட்டமோ இன்றைவிட 5 முதல் 10 மீட்டர் உயரம். கிள்ளானிலும் பட்டர்வொர்த்திலும் இருந்து இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவை வைத்து உயிர்களைப் பற்றிச் சரியாக ஊகிக்க முடியும் என்பதற்கு ஒரு சின்ன சாட்சி, நீலச் சிப்பி. நம் மீன் சந்தையில் கூப்பாங் என்று விற்கிறார்களே, அதன் உறவினம். ஸ்வால்பார்ட்டின் பழைய கடற்கரை மேடுகளில் இதன் ஓடுகள் கிடக்கின்றன. கடல் வெதுவெதுப்பாக இருந்த காலத்தில் வந்து குடியேறி, குளிர்ந்ததும் மறைந்துபோயிற்று. ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் அங்கே அது இல்லை. 2004-இல் மறுபடி உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. கடல் சூடானால் இது திரும்ப வரும் என்று அந்த ஓடுகள் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

இத்தனையும் பதிவுகளின் பலம். இனி, வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பகுதிக்கு வருகிறேன்.

எஸ்.பி.எம். எழுதப்போகும் உங்களுக்கு நன்றாகத் தெரியும்: கடந்த ஆண்டுக் கேள்வித்தாள்களைச் செய்து பார்ப்பது நல்லது, 'ஸ்பாட்' கேள்வியை மனப்பாடம் செய்வது ஆபத்து. கேள்வி எந்த வகையில் வரும் என்று பழைய தாள் காட்டும். அதே கேள்வி வரும் என்று உறுதி தராது. துருவப் பதிவுகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வட கிரீன்லாந்தில் காப் கோபன்ஹாவன் என்ற இடம் இருக்கிறது. இன்று அது மரம் ஒன்றுகூட இல்லாத துருவப் பாலைவனம். அங்கே எடுத்த 41 மண் மாதிரிகளில் 2 மில்லியன் ஆண்டுப் பழைமையான மரபணுத் துண்டுகள் கிடைத்ததாக 2022-இல் அறிவித்தார்கள். பாப்ளர், பிர்ச் மரங்கள், கலைமான், முயல், யானையின் உறவான மாஸ்டடான், கடலில் குதிரைலாட நண்டு (நம் ஊர் பெலாங்காஸின் அட்லாண்டிக் சொந்தம்) என்று ஒரு முழு உலகமே அதில் இருந்தது. வெப்பம் இன்றைவிட 11 முதல் 19 டிகிரி அதிகம். ஆய்வாளர்களை வியக்க வைத்தது என்ன தெரியுமா? துருவச் செடிகளும் தெற்கத்திக் காட்டு மரங்களும் அங்கே ஒன்றாக வளர்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு காடு இன்று உலகில் எங்குமே இல்லை. வெப்பம் கூடினால் தெற்கே இருக்கும் காடு அப்படியே வடக்கே நகரும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். ஒவ்வோர் உயிரும் தன் போக்கில், தன் வேகத்தில் நகரும். கனடாவின் பாஃபின் தீவில் ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த மரபணுவும் அதைத்தான் காட்டுகிறது. கடந்த பனிக்காலம் முடிந்து வெப்பம் உச்சத்தைத் தொட்ட பிறகும், குட்டை பிர்ச் செடி உடனே அங்கே வந்துவிடவில்லை. காலம் தாழ்த்தித்தான் வந்தது. சிப்பியின் இளம் பருவம் கடல் நீரோட்டத்தில் ஏறி வந்துவிடும். செடிக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்று. பதிவில் தெரியும் எல்லா மாற்றத்துக்கும் வெப்பநிலை காரணம் அல்ல. அடேலி பெங்குவின்களின் முட்டை ஓடுகள் தென் துருவக் குளிரில் பல ஆயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கின்றன. ஓட்டிலுள்ள நைட்ரஜன், கார்பன் அணு வகைகளை அளந்தால், அந்தப் பெங்குவின் மீன் தின்றதா, கிரில் என்ற இறாலினத்தைத் தின்றதா என்று தெரியும். 38,000 ஆண்டுகளுக்கு நீளும் அந்தப் பதிவில், கடந்த 200 ஆண்டுகளுக்குள் உணவு திடீரென்று கிரில் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம், மனிதர்கள் கிரில் தின்னும் திமிங்கலங்களையும் கடல்நாய்களையும் வேட்டையாடித் தீர்த்ததால் கிரில் மிஞ்சிப்போனது என்பதே. வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

கடைசியாக வேகம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கடந்த பனிக்காலம் முடிந்தபோது உலகம் ஏறக்குறைய 5 டிகிரி சூடாக 10,000 ஆண்டுகள் எடுத்தது. நூறு ஆண்டுக்குச் சராசரி 0.05 டிகிரி. தொழிற்புரட்சிக்குப் பின் ஏறக்குறைய 150 ஆண்டுகளில் நாம் 1 டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டோம். பத்து மடங்குக்கும் மேலான வேகம். அதிலும் வட துருவப் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது.

கூர்மையான மாணவர் இங்கேயும் மடக்குவார். 11,700 ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளிலேயே ஏறக்குறைய 10 டிகிரி ஏறியதாகப் பனித்தண்டு காட்டுகிறதே என்பார். சரியான மடக்கல்தான், மதிப்பெண் தருவேன். ஆனால் அந்த ஏற்றம் கடும் குளிரிலிருந்து இன்றைய நிலையை நோக்கி நடந்தது. இப்போது நாம் தொடங்குவதே ஒரு வெப்பக்காலத்தின் நடுவிலிருந்து. குளிரை நம்பி வாழும் உயிர் அன்று வடக்கே நகர இடம் இருந்தது. இன்று வட துருவத்துக்கும் வடக்கே அது எங்கே போகும்?

அதனால்தான் "முன்பும் நடந்தது" என்ற வாக்கியத்தை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை. எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன். பாடநூல்களில் கரியமில வாயு வரைபடம் போடும்போது 800,000 ஆண்டுப் படத்தையும் கடந்த 150 ஆண்டுப் படத்தையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். கிடை அச்சைப் பார்க்காமல் வரைபடம் படிக்கும் பழக்கம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

துருவம் நமக்குத் தூரம் என்று ஒதுங்கவும் வழியில்லை. மலேசியா 2011-இல் அண்டார்டிக் ஒப்பந்தத்தில் இணைந்த நாடு. நம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே போய் வருகிறார்கள். பழைய காலத்தைப் படிக்கும் இந்த வேலைக்கு நம் நாட்டிலேயே இடம் உண்டு. வட போர்னியோவின் சுண்ணாம்புக் குகைகளில், சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல்தூண்களிலிருந்து பல இலட்சம் ஆண்டுகளின் மழைக் கணக்கை எடுத்திருக்கிறார்கள். சரவாக்கின் முலு குகைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா போனால், வழிகாட்டி காட்டும் தூணை நின்று நிதானமாகப் பாருங்கள். தொட மட்டும் வேண்டாம். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில், சொட்டும் நீரிலுள்ள சுண்ணம் பிறகு சரியாகப் படிவதில்லை.