ஓர் இரவு தங்கினால்தான் ஊருக்கு லாபம்

ஆனி, ஆடி மாதங்களில் சனிக்கிழமை காலை கோவில்பட்டி பக்கமிருந்து சங்கரன்கோவில் வழியாக மேற்கே போகும் வேன்களும் கார்களும் பெரும்பாலும் குற்றாலத்துக்குத்தான் போகின்றன. வாரம் முழுக்க உழைத்தவர்கள், கூடப் படித்தவர்களோடும் கூட வேலை பார்ப்பவர்களோடும் சேர்ந்து இரண்டு நாள் ஊர் சுற்ற நினைப்பதில் தவறில்லை, அது தேவையும்கூட. ஆனால் அந்த இரண்டு நாளும் அருவிக்கரையில் வரிசையில் நிற்பதிலேயே கழிந்துவிடுகிறது. வழியில் சங்கரன்கோவிலில் வண்டி நின்றால் சங்கரநாராயணருக்கும் கோமதி அம்மனுக்கும் ஒரு கும்பிடு, கடையில் ஒரு பிரியாணி, அவ்வளவுதான். இந்த ஊரைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் நண்பர்கள் ஒரு சனி, ஞாயிறை நிம்மதியாகக் கழிக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நிபந்தனை ஒன்றுதான். வருகிறவர்கள் ஓர் இரவாவது கிராமத்திலேயே தங்க வேண்டும். பகலில் வந்து பகலிலேயே திரும்பும் கூட்டத்தால் கிராமத்துக்கு மிஞ்சுவது குப்பையும் இரைச்சலும்தான்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சுந்தரபாண்டியபுரம், 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் மூலம் பேர் வாங்கிய ஊர். அந்த வட்டாரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாட்களில் கேரளத்திலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். செல்போனில் படம் எடுப்பதற்காக வயலுக்குள் இறங்கி, செடியை மிதித்து, பூவை ஒடித்தார்கள். விவசாயிகள் முதலில் விரட்டிப் பார்த்தார்கள். பிறகு சிலர் வரப்பில் நின்று ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிதிபட்ட செடிக்கு வேறு யார் ஈடு தருவார்கள்? ஆனால் படம் எடுத்தவர் அரை மணியில் கிளம்பி, சாப்பாட்டையும் படுக்கையையும் தென்காசியிலோ குற்றாலத்திலோ பார்த்துக்கொள்கிறார். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு அன்று லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் இரவுக்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். தங்குகிறவர் செய்யும் செலவு வேறு வகை. இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம், படுக்கை, கூட நடந்து வழி காட்டும் உள்ளூர்ப் பையனுக்குச் சம்பளம், வீட்டுக்கு வாங்கிப் போகும் கருப்பட்டி என ஒவ்வொன்றுக்கும் அந்த ஊரில் யாரோ ஒருவர் கையில் பணம் விழுகிறது.

சீனா இந்தக் கணக்கை நமக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டது. சிச்சுவான் மாகாணத்தில் செங்டு நகரை ஒட்டியுள்ள நோங்கே என்ற கிராமத்தில், பூச்செடி நாற்று வளர்த்து விற்ற குடும்பங்கள் 1980களில், செடி வாங்க வந்தவர்களுக்கு வீட்டு முற்றத்திலேயே சாப்பாடு போட ஆரம்பித்தன. தோட்டத்துக் காய்கறி, வீட்டுக் கோழி, சாப்பிட்ட பிறகு சாயங்காலம் வரை தேநீரும் பேச்சும். 1995 மே 1 முதல் அந்த நாட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை வந்ததும், நகரத்து நண்பர் கூட்டங்கள் இப்படிப்பட்ட வீடுகளைத் தேடிக் கிளம்பின. இன்று அது நாடு முழுக்கப் பரவிய தொழில். செஜியாங் மாகாணத்தின் யூசுன் கிராமம், சுண்ணாம்புக்கல் குவாரிகளை மூடிவிட்டுப் பயணிகளை வரவேற்கும் வேலைக்கு மாறியது. 2021இல் ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு வெளியிட்ட சிறந்த சுற்றுலாக் கிராமங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. நெசவுக்குப் பேர்போன நமது தெலங்கானாவின் போச்சம்பள்ளியும் அதே பட்டியலில் உண்டு. சீன அரசு இதற்குச் செய்த உதவிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2015இல் தொடங்கிய கழிப்பறை இயக்கம். சுற்றுலாத் தலங்களில் சுத்தமான கழிப்பறை இல்லாவிட்டால் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

கரிசலில் பார்க்க என்ன இருக்கிறது, மலையா, அருவியா என்று கேட்பவர்கள் நம் ஊர்க்காரர்களிலேயே அதிகம். சங்கரன்கோவிலை மண்ணுக்கு உரிய தலம் என்பார்கள். புற்றுமண்தான் இங்கே பிரசாதம். கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கு, தாருகாபுரம் நீருக்கு, தென்மலை காற்றுக்கு, தேவதானம் ஆகாயத்துக்கு. பாண்டிநாட்டின் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் ஒன்றரை நாளில் ஓடாமல், வியர்க்காமல் பார்த்துவிடலாம். கப்பம் கட்ட மறுத்து 1750களில் நவாபின் படையையும் கும்பினிப் படையையும் எதிர்த்த பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் இந்தப் பக்கத்தில்தான். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. அங்குள்ள வெட்டுவான் கோவிலை 8ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் பாறையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்து, அடிப்பகுதி முடியாமல் விட்டுவிட்டார்கள். விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல்களைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்கினால் உளிபடாத வெறும் பாறை நிற்கிறது. அதே மலையில் சற்றுத் தள்ளி சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் இருக்கிறது, கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று சாகித்திய அகாதெமி விருது பெற்ற இரண்டு எழுத்தாளர்களைத் தந்த சிற்றூர். புத்தகத்தில் படித்த நிலத்தில் நண்பர்களோடு கால் வைத்து நடப்பதற்கு ஈடான ஓய்வு வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

வெயிலைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் பதில் உண்டு. சித்திரையில் கரிசலுக்கு யாரையும் நான் கூப்பிடவில்லை. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்து மானாவாரி விதைப்பு முடிந்த பிறகு, தை கடைசி வரை இந்த நிலத்தின் தோற்றமே வேறு. உளுந்தும் பாசியும் தரையோடு படர்ந்திருக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் எழுந்து நிற்கும். குளங்களில் தண்ணீரும் தண்ணீரை நம்பி வந்த பறவைகளும் இருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரியில் நடந்துவருவது காரணமில்லாமல் அல்ல. மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்கினால் செருப்பில் அப்பும் மண், நடக்க நடக்கக் கனத்துக்கொண்டே போகும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்காமல் வரப்பைத் தாண்ட முடியாது. மார்கழியில் பனங்கிழங்கு, கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய். குற்றாலத்தின் சீசன் ஓய்ந்த பிறகு கரிசலின் சீசன் தொடங்குகிறது என்பதால் ஒன்றுக்கொன்று போட்டியும் கிடையாது. குற்றாலத்தில் நெரிசல் குறைந்தால் நல்லதுதான். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்ததுதானே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பத்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கிராமச் சுற்றுலாவுக்காகத் தேர்ந்தெடுத்த இடங்களில் தமிழ்நாட்டின் காரைக்குடியும் கழுகுமலையும் இருந்தன. கழுகுமலையின் மண்பாண்டத் தொழிலை அதன் சிறப்பாகக் காட்டினார்கள். இன்று காரைக்குடிக்கு வெளிநாட்டாரும் வந்து இரண்டு, மூன்று நாள் தங்குகிறார்கள். கழுகுமலைக்கு வருகிறவர்களோ முருகனைக் கும்பிட்டு, மலையேறிப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் அன்றைக்கே திரும்புகிறார்கள். சிற்பத்தில் கழுகுமலை காரைக்குடிக்குக் குறைந்ததல்ல. காரைக்குடியில் பெரிய வீடுகள் இருந்தன, அவை விடுதிகளாயின. கழுகுமலையில் தலை சாய்க்கத் தோதான இடங்கள் பெருகவில்லை. அந்தத் திட்டத்தின் அனுபவம் என் வாதத்தைப் பலப்படுத்துகிறது என்றே சொல்வேன்.

எளிதில் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் சாதி. கிராமத்தில் யார் வீட்டில் தங்குவது, யார் சமைத்ததை யார் சாப்பிடுவது, வந்தவர் எந்த ஆள் என்று விசாரிக்காமல் இருப்பார்களா? 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த பெட்டிக்கடையின் வீடியோ நாட்டையே தலைகுனிய வைத்தது. கடைக்கு சீல் வைத்தார்கள், கைதும் செய்தார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்காத தெரு, கல்லூரியில் ஒன்றாகப் படித்த கலப்பான நண்பர் கூட்டத்துக்குப் பாய் விரிக்குமா என்று கேட்பவரின் கோபம் நியாயமானது. அதனால்தான் இதைத் தனித்தனி வீட்டுக்காரர்களின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழு பொறுப்பில் பொதுத் தங்குமிடமும் பொதுச் சமையலறையும் முதலில் வர வேண்டும். சமைப்பவர்களில் எல்லாத் தெருப் பெண்களும் இருக்க வேண்டும். வீடுகளைப் பதிவு செய்யும்போது காலனி வீடுகளும் அதே பட்டியலில், அதே முறைவரிசையில் வர வேண்டும். சாதி கேட்டதாகப் புகார் வந்து விசாரணையில் உறுதியானால் பதிவு ரத்தாக வேண்டும். இத்தனை செய்தாலும் சாதி ஒழிந்துவிடாது. ஆனால் சாதி பார்த்தால் வரும்படி போகும் என்ற நிலை ஓர் ஊரில் ஏற்படுவதே பெரிய மாற்றம்தான்.

கிராமம் காட்சிசாலை அல்ல என்பது இன்னொரு ஆட்சேபம். இதிலும் சீனாவில் ஒரு பாடம் உண்டு. அன்ஹுய் மாகாணத்தின் பிஷான் கிராமத்தில் ஓவ் நிங் என்ற கலை ஆர்வலர் 2011 வாக்கில் ஒரு கிராமப் புத்துயிர்ப்பு முயற்சியைத் தொடங்கினார். தெருவிளக்கு இல்லாததால் நட்சத்திரம் நன்றாகத் தெரிகிறது என்று நகரத்திலிருந்து வந்தவர்கள் மகிழ, ஊர்க்காரர்களோ தெருவிளக்கு வேண்டும் என்றார்கள். 2014இல் ஓர் ஆய்வு மாணவி இதை எழுதியதும் பெரிய விவாதம் மூண்டது. என் சார்பு ஊர்க்காரர்கள் பக்கம். ஓலைக்கூரையும் மண்சுவரும் வேண்டும் என்று வருகிறவர் கேட்க, கான்கிரீட் வீட்டில் வாழ ஆசைப்படும் குடும்பத்தை நாம் தடுக்கக் கூடாது. எந்தக் குளக்கரை வரை வெளியாள் வரலாம், எந்த வயலில் இறங்கலாம், கோவில் கொடை நடக்கும் நாளில் யாரை அனுமதிப்பது என்பதையெல்லாம் கிராமசபைதான் தீர்மானிக்க வேண்டும்.

குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் கூட்டம் வந்துவிடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் குடிகாரக் கூட்டம் தேடுவது ஆளில்லாத தோப்பையும் பெயர் கேட்காத அறையையும்தான். அடையாள அட்டையைப் பதிவு செய்து, நான்கு பெண்கள் சமைக்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் அந்தக் கூட்டம் தானாகவே விலகிப் போகும். பெண்கள் தனியாக நண்பர்களோடு வரக்கூடிய இடமாக இது அமைய வேண்டும் என்பதே என் அளவுகோல். தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை, இரவில் எரியும் விளக்கு, அவசரத்துக்குக் கூப்பிட ஓர் உள்ளூர்ப் பெண்ணின் எண், இந்த மூன்றும் இல்லாத ஊரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

செலவு பெரிதல்ல. கேரளத்தின் குமரகத்தில் 2008 வாக்கில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், ஓட்டல்களுக்கு வேண்டிய காய்கறியைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடமிருந்து வாங்கச் செய்ததுதான் முதல் படி. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதன் சுற்றுலாச் சிந்தனை இன்னும் அருவியைத் தாண்டிப் போக வேண்டும். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் வெள்ளி இரவு ஏறியவரைச் சனி காலையில் சங்கரன்கோவிலில் இறக்கிவிடுகிறது, ஞாயிறு மாலையில் ஏற்றிக்கொள்கிறது. ரயிலடியிலிருந்து கழுகுமலைக்கும் கரிவலத்துக்கும் நெற்கட்டும்செவலுக்கும் சனி, ஞாயிறு மட்டும் ஓடும் ஒரு சிற்றுந்து, கிராமத்துக்கு ஒன்றாக மூன்று தங்குமிடங்கள், அவற்றுக்குப் பொறுப்பான மூன்று மகளிர் குழுக்கள். ஐப்பசி விதைப்புக்குள் மாவட்ட நிர்வாகம் இந்த அளவில் தொடங்கினால் தைக்குள் கணக்குப் பார்த்துவிடலாம். தங்கியவர்கள் எத்தனை பேர், அவர்கள் கொடுத்த பணம் எந்தெந்தத் தெரு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கிராமசபையில் வாசிக்கட்டும். அடுத்த ஊர்களைச் சேர்ப்பதா, நிறுத்துவதா என்பதை அதை வைத்து முடிவு செய்யட்டும்.