இருண்ட திரையும் ஒரு நோட்டுப் புத்தகமும்



நாளைக் காலை பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்குள் இருக்கிறது. விசையை அழுத்துகிறீர்கள். பெட்டிக்குள் விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. முன்பக்கத்தில் சிறிய விளக்கும் எரிகிறது. ஆனால் திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. என்ன செய்வீர்கள்?

பல வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். அண்ணன் வந்து பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவான். அப்பா எல்லா ஒயர்களையும் பிடுங்கி மறுபடி செருகுவார். "நேற்று இடி இடித்ததே, அதனால்தான்" என்பார் சித்தப்பா. கடைசியில் எல்லோரும் ஒருமனதாக, "கணிப்பொறி போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். தீர்ப்பு வந்துவிட்டது; விசாரணை எங்கே நடந்தது?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இருண்ட திரை என்பது கணிப்பொறியின் மரண அறிவிப்பு அன்று. அது ஒரு கேள்வி. அதற்கு முறையாக விடை தேடுவது, பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் பல சோதனைகளைவிடச் சிறந்த அறிவியல் பயிற்சி.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? ஊசல் சோதனையை நினைத்துப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று சோதனை தொடங்கும் முன்பே உங்களுக்குத் தெரியும். கணக்கில் 9.1 வந்தால் என்ன செய்கிறீர்கள்? பக்கத்து நோட்டைப் பார்த்து, அளவீடுகளைச் 'சரிசெய்து', 9.8 என்று எழுதிவிடுகிறீர்கள். நானும் மாணவனாக இருந்தவன்தான்! ஆனால் இருண்ட திரையிடம் இந்தக் கெட்டிக்காரத்தனம் பலிக்காது. விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. உங்கள் எண்ணம் சரியென்றால் திரை ஒளிரும், தவறென்றால் ஒளிராது.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கணிப்பொறி இதேபோல் ஒருநாள் இருண்டது. பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தேன். அவர் விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "மதர்போர்டு போய்விட்டது சார். புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் அருகில் நின்றிருந்தாள். "திறந்துகூடப் பார்க்காமல் அவருக்கு எப்படித் தெரிந்தது, மாமா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "நான் பார்க்கட்டுமா?" என்றாள். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்டதை இன்னொரு முறை கொல்ல முடியாது அல்லவா? சரி என்றேன்.

அவள் முதலில் திருப்புளியை எடுக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்தாள். திரையில் படம் தோன்ற என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுதினாள். திரைக்கு மின்சாரம், திரையின் உள்விளக்கு, இணைப்பு ஒயர், படத்தை உருவாக்கும் சில்லு, நினைவகம், செயலி, மதர்போர்டு, இவற்றுக்கு 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் மின்வழங்கிப் பெட்டி. ஆக, சந்தேகத்துக்கு உரியவர்கள் எட்டுப் பேர்!

குற்றவாளி ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவராக விசாரித்தால் ஏழு சோதனைகள்கூடத் தேவைப்படலாம். ஒரே சோதனையில் பாதிப் பேரை விடுவிக்க முடிந்தால்? எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மூன்றே சோதனைகள்! நடைமுறையில் இப்படிச் சரிபாதியாகப் பிரிவது அரிது. ஆனாலும் நல்ல கேள்வி என்பது அதிகம் பேரை விடுவிக்கும் கேள்விதான்.

அவளுடைய முதல் கேள்வி: கோளாறு திரையிலா, பெட்டியிலா? கணிப்பொறியிலிருந்து வரும் ஒயரைத் திரையின் பின்புறம் கழற்றிவிட்டுத் திரையை மட்டும் இயக்கினாள். 'சிக்னல் இல்லை' என்ற எழுத்துகள் தோன்றின. இந்தச் செய்தி கணிப்பொறியிலிருந்து வருவதில்லை. திரைக்குள் இருக்கும் சுற்றே அதை எழுதுகிறது. எனவே திரைக்கு மின்சாரம் வருகிறது, உள்விளக்கும் எரிகிறது. இரண்டு பேர் விடுதலை.

இந்தச் செய்தி தோன்றாவிட்டால்கூட முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கணிப்பொறியை இணைத்து இயக்கி, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலான படம் தெரிந்தால் கணிப்பொறி நலமாக வேலை செய்கிறது, திரையின் உள்விளக்குதான் அணைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஒயர். வேறு ஒயரைப் போட்டாள், மாற்றமில்லை. எங்கள் பெட்டியில் படத்துக்கென்று தனி அட்டை கிடையாது. உங்கள் பெட்டியில் அது இருந்தால் ஒயர் அந்த அட்டையில்தான் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மதர்போர்டின் வாயில் செருகிவிட்டுப் படம் வரவில்லையே என்று தவித்தவர்கள் ஏராளம்.

இனி பெட்டிக்குள் போக வேண்டும். விசையை அழுத்தியதும் செயலி முதலில் செய்வது தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்வது. அதற்கான கட்டளைகள் மதர்போர்டில் உள்ள ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. நினைவகம் இருக்கிறதா, படச் சில்லு இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும். இந்தப் பரிசோதனையில் தவறு நேர்ந்தால் திரையில் எழுதிக் காட்ட முடியாது. திரைக்குப் படம் அனுப்பும் நிலையையே அது இன்னும் எட்டவில்லையே! அதனால்தான் பல மதர்போர்டுகள் 'பீப்' ஒலியாலோ சிறு விளக்குகளாலோ தகவல் சொல்கின்றன. எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையேட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

எங்கள் கணிப்பொறியில் ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை. எனவே நினைவகத்தைச் சோதித்தாள். 'ராம்' எனப்படும் நினைவகப் பலகைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றி, முதல் பலகையை மட்டும் ஒரு ஸ்லாட்டில் பொருத்தினாள். திரை ஒளிர்ந்தது! நான் கைதட்டினேன். அவள் தட்டவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, முதல் பலகையை எடுத்துவிட்டு, அதே ஸ்லாட்டில் இரண்டாவது பலகையைப் பொருத்தினாள். இருள். ஸ்லாட் அதேதான், மாறியது பலகை மட்டுமே. எனவே கோளாறு இரண்டாவது பலகையில்.

பிறகு அப்பலகையை வெறுமனே கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தாள். அப்போதும் இருள்தான். அதன் பின்னரே அதன் விளிம்பிலுள்ள தங்க முலாம் பூசிய பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூசியை நீக்கிப் பொருத்தினாள். திரை ஒளிர்ந்தது. பட்டைகளில் படிந்திருந்த அழுக்கு மின்தொடர்பைத் தடுத்திருக்கிறது! புதிய கணிப்பொறிக்கான செலவு ஒரு ரப்பர் துண்டால் மிச்சமாயிற்று.

இங்கே கவனியுங்கள். மூன்று காரியங்களையும் அவள் ஒரே நேரத்தில் செய்திருந்தாலும் திரை ஒளிர்ந்திருக்கும். ஆனால் எதனால் ஒளிர்ந்தது என்று தெரிந்திருக்காது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்! பெட்டியின் தலையில் தட்டியபோது தற்செயலாகச் சரியாகிவிட்டால், அந்த வீட்டில் காலமெல்லாம் கணிப்பொறிக்கு அடி விழும். 'எப்படியோ சரியாகிவிட்டது' என்பதை நான் வெற்றியாகக் கொள்ளமாட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நடந்ததை எழுதி வை. இந்த இரண்டு விதிகளும் மருத்துவருக்கும் பொருந்தும், உழவருக்கும் பொருந்தும்.

எழுதி வைக்கும் வழக்கம் புதியதன்று. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்னும் பெரிய கணிப்பொறி தவறு செய்தது. பொறியாளர்கள் தேடிச்சென்று, ஒரு ரிலேயில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்து எறிந்துவிடவில்லை. குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதினார்கள். அந்த ஏடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது.

"பிள்ளைகள் கைவைத்தால் உள்ளதும் கெடும்" என்று பெற்றோர்கள் அஞ்சுவார்கள். அச்சத்தில் நியாயம் உண்டு. எனவே சில கட்டுப்பாடுகளை நீங்கள் மீறவே கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். உடலில் நிலைமின்சாரம் தங்கியிருந்தால் சில்லுகள் கெடும். ஆகவே பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியையும் பழைய குழாய்த் திரையையும் எந்நாளும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றுள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கக்கூடும். எதைத் தொடக்கூடாது என்று அறிவதும் அறிவியல்தான்.

பழுது பார்ப்பவர்களை நான் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். நல்ல தொழிலாளி செய்வதும் இதே விசாரணைதான். பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவரையும், பார்த்துச் சொல்பவரையும் பிரித்தறிய உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே என் ஆசை. "எதை வைத்துச் சொல்கிறீர்கள், அண்ணா?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்லவர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

நம் வீட்டுப் பணம் மட்டுமா இதில் அடங்கியிருக்கிறது? ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மேசைக் கணிப்பொறியையும் 17 அங்குலக் குழாய்த் திரையையும் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருள்களும், 1,500 கிலோ நீரும் செலவாயின. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அழுக்குப் பிடித்த ஒரு பலகைக்காக முழுக் கணிப்பொறியையும் அந்த மலையில் எறிவது என்ன நியாயம்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதான பழைய கணிப்பொறி ஒன்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வையுங்கள். நினைவகப் பலகையைத் தளர்த்தியோ ஒயரை மாற்றிச் செருகியோ ஒரு கோளாற்றை நீங்களே உண்டாக்கி, மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திரை ஒளிர்ந்ததற்கு மதிப்பெண் தராதீர்கள். நோட்டில் எழுதிய காரணங்களுக்குத் தாருங்கள்.

மாணவர்களே, அடுத்த முறை திரை இருண்டால் பதற்றம் வேண்டாம், தட்டவும் வேண்டாம். ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் கேள்வியை எழுதுங்கள். உங்கள் விசாரணையில் கோளாறு அகப்படாமலும் போகலாம். ஆனாலும் எது கோளாறு இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல உங்களால் முடியும். அதுவும் ஓர் ஆராய்ச்சி முடிவுதான்.