பாப்பா எப்போ வரும்னு கேட்காதீங்க!

அமெரிக்கக் குடியுரிமை பெற்று டல்லஸில் வசிக்கும் என் பெரியம்மா மகள், இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்து இரண்டு வருடமாகிறது. போனில் ‘என்னக்கா, ஏதாவது தகவல் வந்துச்சா?’ என்று கேட்டாலே அவள் குரல் உடைந்துவிடும்.

எத்தனை பேப்பர்கள்! அங்கே அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை தயாரிக்கும். குடியேற்றத் துறைச் சரிபார்ப்புக்குக் கொடுத்த கைரேகைக்கு 15 மாதம்தான் ஆயுள். இங்கே ‘காரா’வின் தடையில்லாச் சான்று வேண்டும். 2022 முதல் நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியர்தான் தத்து ஆணை தருகிறார். அப்புறம் குழந்தைக்கு பாஸ்போர்ட், விசா.

அக்கா இரண்டு வேலை செய்தாள். ஒவ்வொரு பேப்பரின் காலாவதித் தேதிக்கும் மூன்று மாதம் முன்பே போனில் ரிமைண்டர் வைத்தாள். ஃபேமிலி குரூப்பில், ‘நல்ல சேதி வந்தா நாங்களே சொல்றோம். அதுவரை யாரும் கேட்காதீங்க, ப்ளீஸ்’ என்று போட்டாள்.

நேற்று, ‘இன்னிக்கு என்னக்கா சமையல்?’ என்று மெசேஜ் அனுப்பினேன். உடனே அவளே கூப்பிட்டாள். அரை மணி நேரம் வத்தக்குழம்பு பற்றிப் பேசினோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

உங்கள் சொந்தத்தில் யாராவது இப்படிக் காத்திருக்கிறார்களா? இன்றே ஒரு போன் போடுங்கள். தேதி மட்டும் கேட்க வேண்டாம்!