பாலம் விழவில்லை

பண்டிகை நாளில் ஊரில் ஒரு துக்கம் நேர்ந்துவிட்டால், ஏற்பாடு செய்த கச்சேரியை நடத்துவதா, நிறுத்துவதா என்ற கேள்வி நம் சங்கங்களில் அவ்வப்போது எழுகிறது. கமிட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மணி நேரம் வாதாடும். கடைசியில் ஒரு நிமிஷ மௌனம் என்று தீர்மானமாகும். மௌனம் முடிந்ததும் சுருதிப் பெட்டி ஆரம்பித்துவிடும். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. வேறென்ன செய்யமுடியும் என்று பலருக்கும் தோன்றாததுதான் காரணம். ஆனால் இந்த வாதத்தில் கேட்கவேண்டிய கேள்வியே விட்டுப்போகிறது என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்ல, 2017-ஆம் வருஷத்து நவராத்திரியை மும்பை அன்பர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை, நமக்கு சரஸ்வதி பூஜை. மறுநாள் சனிக்கிழமை தசரா. ஞாயிறு மொஹரம், திங்கள் காந்தி ஜயந்தி. நாலு நாள் சேர்ந்தாற்போல் விசேஷம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்கு வீடு கொலு. சிவாஜி பார்க் பக்கம் வங்காளிகளின் துர்கா பூஜை. இரவானால் குஜராத்திகளின் கர்பா. தாதர் மார்க்கெட்டில் ஜெண்டு என்று இங்கே சொல்லும் துலுக்கச் சாமந்தி மலையாகக் குவிந்திருந்த சமயம். நகரமே கலையும் பூவுமாக இருந்த வாரம் அது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணியளவில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மேற்கு ரயில்வேயின் எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனையும் மத்திய ரயில்வேயின் பரேல் ஸ்டேஷனையும் இணைக்கும் நடைபாலத்தில், மழைக்கு ஒதுங்கியவர்கள் கூரையின்கீழ் நின்றுவிட்டார்கள். கீழேயிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். பக்கத்தில் இருந்த கே.இ.எம். ஆஸ்பத்திரிக்குத்தான் எல்லோரையும் கொண்டுபோனார்கள். ஆபீசுக்குப் புறப்பட்டவர்கள், பண்டிகைக்குப் பூ வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள்.

உயிர் தப்பியவர்கள் சொன்னதாகப் பத்திரிகைகளில் ஒரு விஷயம் வந்தது. யாரோ தலையில் சுமந்துவந்த பூமூட்டை சரிந்ததாம். 'பூ விழுந்துவிட்டது' என்று கத்தியது, 'பாலம் விழுந்துவிட்டது' என்று பின்னால் இருந்தவர்கள் காதில் விழுந்ததாம். இந்தியில் பூவுக்கு 'ஃபூல்', பாலத்துக்கு 'புல்'. ஒரு குறில் நெடில் வித்தியாசம். இந்தக் கதை ஊரெங்கும் பரவியது. கேட்டவர்கள் எல்லோரும் வதந்திதான் உயிரைக் குடித்தது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நம்மவர்களும்தான்.

ரயில்வேயில் சிவில் பகுதியில் காலம் தள்ளியவன் என்ற முறையில் இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாலம் விழவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டிய சங்கதி. நடைபாலம் கட்டும்போது ஒரு சதுர மீட்டருக்கு 490 கிலோ ஜனப் பாரம் வரும் என்று வைத்துக் கணக்குப் போடவேண்டும் என்பது ரயில்வேயின் விதி. ஆளுக்கு அறுபது கிலோ என்றால் ஒரு சதுர மீட்டரில் எட்டுப் பேர். ஆனால் ஐந்து பேரைத் தாண்டும்போதே மனிதன் தன் இஷ்டத்துக்கு நகரமுடியாது. ஏழு, எட்டு என்று போனால் மார்புக்கூடு விரிய இடமில்லாமல் நின்றபடியே மூச்சு முட்டிவிடும். நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை, மூச்சடைத்தே இறக்கிறார்கள். ஆக, இரும்பு தாங்கும் கூட்டத்தை மனித மார்பு தாங்குவதில்லை. பாலத்தின் பலத்தைக் கணக்கிட நம்மிடம் கோட் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, ஆண்டுதோறும் இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது. எத்தனை பேர் எத்தனை நிமிஷத்தில் இறங்கிப்போக முடியும் என்ற கணக்குக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் முட்டாமல் மோதாமல் நிமிஷத்துக்கு ஐம்பது, அறுபது பேருக்குமேல் ஏறமுடியாது. இரண்டு மீட்டர் படி என்றால் நூற்றிருபது. ஒரு பன்னிரண்டு பெட்டி லோக்கலிலிருந்து ஆயிரம் பேர் இறங்கினால் அவர்கள் படியேறி முடிக்க எட்டு நிமிஷத்துக்கு மேலாகும். மும்பையில் காலை நேரத்தில் அடுத்த வண்டி மூன்று, நான்கு நிமிஷத்தில் வந்துவிடும். மழையே வேண்டாம், பூமூட்டையே வேண்டாம்; படியின் அடியில் கூட்டம் தானாகவே கூடிக்கொண்டு போகும். பரேல் பக்கம் மில்கள் ஓடிய காலத்தில் ஷிப்ட் முறையில் தொழிலாளர்கள் வந்து போனார்கள். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக நின்று, அந்த நிலத்திலெல்லாம் பல மாடி ஆபீஸ்கள் எழும்பின. எல்லோரும் ஒரே ஒன்பது, பத்து மணிக்கு வந்து இறங்க ஆரம்பித்தார்கள். பாலத்தின் அகலம் மட்டும் மில் காலத்து அகலம்.

அகலமான புதுப் பாலத்துக்கு விபத்துக்கு முன்பே மஞ்சூரி ஆகியிருந்தது. வேலை ஆரம்பமாகவில்லை. ஏன் என்பதற்கு ரயில்வே பட்ஜெட்டைத் தெரிந்தவர்களுக்கு ஒரு பதில் உண்டு. நடைபாலம் என்பது அதுவரை பயணிகள் வசதி என்ற தலைப்பில் இருந்தது, பெஞ்சு, குடிநீர்க் குழாய் மாதிரி. வசதி என்றால் பணம் இருக்கும்போது செய்வது. 23 பேர் போனபிறகே அது கட்டாயமான பாதுகாப்பு அம்சம் என்று அமைச்சர் அறிவித்தார். பிறகு ராணுவத்தின் பம்பாய் சாப்பர்ஸ் வந்து, 2018 பிப்ரவரி 27-ஆம் தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டது. ஐந்து மாதத்தில் முடிகிற வேலைதான் அது! அதே வருஷம் ஸ்டேஷனுக்கும் பிரபாதேவி என்று பெயர் மாறிவிட்டது. விசாரணை அறிக்கையோ மழையையும் கூட்டத்தையும் காரணமாகச் சொல்லி முடித்துக்கொண்டது.

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை இரவு, கும்பமேளாவுக்குப் புறப்பட்ட கூட்டத்தில் புது தில்லி ஸ்டேஷனில் 18 பேர் இறந்தார்கள். அங்கேயும் நடைபாலத்துப் படிக்கட்டு. ஒரு பயணியின் தலைச்சுமை விழுந்ததில் ஆரம்பித்தது என்று பார்லிமெண்டில் பதில் சொன்னார்கள். எட்டு வருஷம் முன்பு பூமூட்டை, இப்போது தலைச்சுமை. நம் நாட்டு ஸ்டேஷனில் தலையில் சுமை இல்லாத நாள் உண்டா? சுமை விழும் என்பதை எதிர்பார்த்து அகலம் வைக்கவேண்டியது எங்களைப் போன்றவர்கள் வேலை. சுமந்தவன் மேல் பழி போடுவது எளிது.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். 2017-இல் மறுநாள் தசரா நடந்தது, சிவாஜி பார்க்கில் வழக்கமான பொதுக்கூட்டமும் நடந்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பண்டிகையை நிறுத்தினால் முதலில் அடிபடுகிறவர்கள் பூக்காரரும், பந்தல்காரரும், மைக் செட்காரரும், மத்தளக்காரரும்தான். வருஷத்தில் இந்தப் பத்து நாள் அவர்களுக்குப் பிழைப்பு. நாம் இரண்டு மணி நேர நாட்டியத்தை ரத்து செய்து துக்கம் கொண்டாடும் செலவை அவர்கள் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடத்துங்கள். ஆனால் நடத்தும் இடத்தின் படிக்கட்டைப் பாருங்கள்.

நம்மவர்கள் விழா நடத்தும் மண்டபங்கள் எப்படி இருக்கின்றன? சமீபத்தில் போன ஒரு மண்டபத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அரங்கு மாடியில். நானூறு நாற்காலி. படிக்கட்டு ஒன்றேகால் மீட்டர்கூட இருக்காது. முதல் படியிலேயே செருப்புக் குவியல். பாதியில் திரும்பும் இடத்தில் காபி, வடை ஸ்டால், அதன் முன்னால் வரிசை. பின்பக்கம் இன்னொரு வழி உண்டு. அதில் பூட்டு; சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். குழந்தைகளின் நாட்டியம் முடிந்ததும் பெற்றோர்கள் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். அன்று ஒன்றும் ஆகவில்லை. மழை இல்லை, கரண்டும் போகவில்லை.

வருகிற நவராத்திரிக்குக் கமிட்டி இப்போதே கூடத் தொடங்கியிருக்கும். யார் பாடுவது, யாருக்குப் பொன்னாடை என்பதோடு சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். செருப்பு வைக்கும் இடம் படியிலிருந்து பத்தடி தள்ளி இருக்கட்டும். ஸ்டால் கீழே இருக்கட்டும். பின்கதவின் சாவி, நிகழ்ச்சி முடியும்வரை நம் தொண்டர் ஒருவர் சட்டைப்பையில் இருக்கட்டும். இன்னும் நல்லது, கதவு திறந்தே இருக்கட்டும். பத்துப் பத்து வரிசையாக எழுந்து போகும்படி மைக்கில் சொல்ல ஒருவர் வேண்டும். நாற்காலி எத்தனை என்பதை மண்டபத்தின் வாடகை நோட்டீசைப் பார்த்து முடிவு செய்யாமல், படியின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். அதை அளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். டேப் என்னிடம் இருக்கிறது, மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வந்தால் சரி.