பேச வருபவருக்கு என்ன பாதுகாப்பு?

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சேரும் இடத்தில் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறந்தார். வயது 33. அதன் பிறகு ஆம்புலன்சும் போலிஸ் வாகனங்களும் தாக்கப்பட்டன, சில எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர் கண்டிராத கலவரம் அது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கையை வெளியிட்டது. விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும் மதுவும் முக்கியக் காரணங்கள் என்றது. வேலையிடக் குறைகளும் தங்குமிடக் குறைகளுமே வித்திட்டன என்ற வாதத்தை ஏற்கவில்லை.

அந்த முடிவோடு மல்லுக்கட்டுவது இங்கே நம் நோக்கமல்ல. ஆனால் 'தவறான புரிதல்' என்பது சமூகங்களிடையே உரையாடலை நடத்தும் நம் தொழிலின் மையத்தைத் தொடும் விஷயம். அடிபட்டவரை விட்டுவிட்டு ஓட்டுநரையும் பேருந்துப் பொறுப்பாளரையும் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டம் நம்பியது. அப்போது அந்தத் தெருவில் தேவைப்பட்டது அவர்கள் நம்பும் ஒரு குரல். அப்படி ஒரு குரலை அன்றிரவே உண்டாக்கிவிட முடியாது.

குடிமக்களுக்காக இத்தகைய நம்பிக்கையைச் சிங்கப்பூர் ஆண்டுக்கணக்கில் கட்டி எழுப்பியிருக்கிறது. 1964 ஜூலைக் கலவரத்தில் 23 பேரும் செப்டம்பரில் 13 பேரும் மாண்ட அந்த ஆண்டிலேயே நல்லெண்ணக் குழுக்கள் தெருத்தெருவாக வதந்திகளை அடக்கின. 1989இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கு இன விகிதக் கொள்கை வந்தது. 2002இல் தொகுதிதோறும் இன, சமய நன்னம்பிக்கைக் குழுக்கள் உருவாயின. பிரச்சினை வெடிக்கும்போது பள்ளிவாசல் நிர்வாகியும் கோயில் செயலாளரும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைக்க முடிகிறது என்றால் அது இந்த உழைப்பின் பலன். ஆனால் இவை எல்லாம் இங்கேயே வேரூன்றி வாழ்பவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. துவாஸில் தங்குவிடுதியில் இருந்துகொண்டு, ஞாயிறன்று லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வந்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, புல்வெளியில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தை வீடியோ காலில் பார்க்கும் மனிதருக்குத் தொகுதி எது?

2013க்குப் பின் நிறைய மாறியது உண்மை. 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கடுமையான விதிகள். 2020இல் தங்குவிடுதிகளில் கொவிட் பரவியபோது மனிதவள அமைச்சு ஊழியர்களோடு நேரடித் தொடர்புக்கென்றே ஒரு பிரிவை அமைத்தது. இவற்றைக் குறைத்துப் பேச மாட்டோம். அமைதியான ஒரு ஞாயிறும் நன்மைதான். ஆயினும் தகவல் கீழே இறங்குவதும் புகார் மேலே ஏறுவதும் மட்டும் உரையாடல் ஆகாது. கேட்டவர் தம் நிலையைக் கொஞ்சமாவது மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தால்தான் அது உரையாடல்.

அண்மையில் ஒரு தங்குவிடுதியில் நடந்த 'கலந்துரையாடலில்' முன்வரிசை முழுக்க சூப்பர்வைசர்கள். பின்னால் இருந்தவர்கள் பேருந்து நேரத்தையும் கேட்டரிங் சாப்பாட்டையும் பற்றிக் கேட்டார்கள். எல்லாம் முடிந்து, பேப்பர் தட்டில் வடை எடுக்கும் நேரத்தில் ஒருவர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்: "அண்ணே, ஓ.டி. (மிகைநேர ஊதியம்) பாதி சிலிப்புல வரல. கேட்டா பெர்மிட்ட கட் பண்ணிடுவாங்களா?" அன்றைய சந்திப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேலை அனுமதி முதலாளியோடு கட்டுண்டது. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தின் கடன் ஊரில் நிற்கிறது. இந்த நிலையில் 'மனம் திறந்து பேசுங்கள்' என்று அழைப்பது பொறுப்பான செயலாகாது. நாமும் தமிழ் பேசுகிறோம் என்பதற்காக அவர் நம்மை நம்பிவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. 2013 டிசம்பரில் உள்ளூர் இந்தியர்கள் பலர் அவசர அவசரமாக 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்றதை அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இலங்கைப் போரையும் தேக்கா ஞாயிறுகளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் பேச்சில் யாருக்கு இடம் என்ற கேள்விக்காக, இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002 செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில் நின்றுபோன அந்த ஆறு சுற்றுப் பேச்சுகளை நம் துறையினர் மறக்கலாகாது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு அங்கே தனித் தரப்பாக இடமில்லை. முஸ்லிம் அரசியல் தலைவர் ரவூப் ஹக்கீம் அரசுக் குழுவில் ஒருவராகத்தான் அமர்ந்தார். பேச்சு முறியப் பல காரணங்கள் உண்டு. அது நிலைத்திருந்தாலும் இந்தக் குறை ஆறாப் புண்ணாக இருந்திருக்கும்.

நம் கையில் இருப்பவை சிறிய விஷயங்கள்தான். முதலாளிகளைத் தனியே, முன்கூட்டியே சந்திக்கலாம். யார் பேசினார் என்ற விவரம் நிறுவனத்துக்குப் போகாது என்பதை அவர்களிடமே எழுத்தில் வாங்கலாம். பேச்சாளரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் ஊர் திரும்பினால் தொடர இன்னொருவர் தயாராக இருக்கட்டும். எழுப்பிய குறைக்கு எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்பதைச் சொல்லாமல் கூட்டத்தை முடிக்க வேண்டாம்.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், கடுமை குறைந்த குற்றங்களில் வழக்குக்குப் பதிலாகச் சமூகம் சார்ந்த சீர்செய்யும் முயற்சிக்கு வழி திறந்திருக்கிறது. உறவைச் சரிசெய்யும் நோக்கம் சட்டத்துக்குள்ளேயே வந்திருப்பது நமக்குப் பெரிய வாய்ப்பு. புண்பட்டவர் வேலை அனுமதியில் இருப்பவரானால், அந்த முயற்சி முடியும்வரை அவரது அனுமதிக்கு யார் பொறுப்பு என்பதை மனிதவள அமைச்சுடன் இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.