நொடியின் நூறில் ஒரு பங்கு

நீச்சல் போட்டியில் தீர்ப்பு வழங்குவது கண்ணன்று, கருவி. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில், செர்பியாவின் மிலோரட் சாவிச் முன்னே வந்துவிட்டதாகவே பார்த்தவர் பலரும் எண்ணினர். அவர் நீட்டிய கைகளோடு சுவரை நோக்கி வழுக்கி வந்தார். அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸோ இறுதிக் கணத்தில் மேலும் ஒருமுறை கைகளை வீசிச் சுவரை அழுத்தினார். பலகையில் எண்கள் தோன்றின: 50.58, 50.59.

அந்த ஒலிம்பிக்கில் பெல்ப்ஸ் வென்றவை எட்டுத் தங்கம். வாழ்நாள் கணக்கு 28 ஒலிம்பிக் பதக்கங்கள். அவற்றுள் தங்கம் 23. அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த எண்களோடு நின்றுவிடுகிறது. அது போதாது என்பதே என் கருத்து.

எண்களுக்குப் பின்னே உழைப்பு இருந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 15 வயதுச் சிறுவனாக நீந்தி ஐந்தாம் இடமே பெற்றார். அவருடைய பயிற்றுநர் பாப் போமேன் ஒருமுறை போட்டிக்கு முன் வேண்டுமென்றே அவருடைய நீச்சல் கண்ணாடியை மிதித்து உடைத்தாராம். கொடுமையாகத் தோன்றும் இச்செயலின் பயன் பெய்ஜிங்கில் தெரிந்தது. 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் கண்ணாடிக்குள் நீர் புகுந்து பார்வை மறைந்தபோது, பெல்ப்ஸ் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்திச் சுவரைத் தொட்டார். தங்கத்தோடு உலகச் சாதனையும் கிட்டியது.

நீருக்குள் வந்த இருளுக்கு இத்தகைய பயிற்சி இருந்தது. கரையில் வந்த இருளுக்கு இல்லை. ஒவ்வோர் ஒலிம்பிக்கும் முடிந்தபின் மனச்சோர்வு தன்னைச் சூழ்ந்ததாகவும், வாழவே விருப்பமற்றுக் கிடந்த நாள்கள் உண்டென்றும் அவர் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். தன்னை நீச்சல் வீரனாக மட்டுமே பார்த்ததாகவும், மனிதனாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். 2014இல் மது அருந்தி வண்டி ஓட்டியதற்காகக் கைதானார். ஆறு மாதத் தடையும் பெற்றார். அது தவறுதான், புகழைக் காட்டி அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அதன்பின் அவர் சிகிச்சையை நாடினார், பிறரும் நாடலாம் என்று பேசினார். 23 தங்கங்களைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன். வலிமையின் உருவமாக உலகம் கண்ட ஒருவர் ‘எனக்கு உதவி வேண்டும்’ என்று கேட்பது எளிதன்று.

போட்டிக்கு அளவுகோல் வேண்டாம் என்று நான் கூறவில்லை. நொடியை நூறாகப் பகுக்கும் கருவி இல்லையேல் பெய்ஜிங்கில் முடிவு சொல்ல எவராலும் இயன்றிருக்காது. அக்கருவி அளந்தது ஒரு நீச்சலை மட்டுமே. அதனையே ஆளின் அளவாகக் கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தம்மை எடைபோடும் வயதினர்க்கு இப்பிழை புதியதன்று.

2016இல் ரியோவில் மீண்டும் அதே 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல். சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 நொடிகளில் வென்றார். 13 வயதில் பெல்ப்ஸோடு நின்று நிழற்படம் எடுத்துக்கொண்ட சிறுவன் அவர். பெல்ப்ஸ் உட்பட மூவர் 51.14 நொடிகளில் ஒருசேரச் சுவரைத் தொட்டனர். இம்முறை கருவியாலும் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. வெள்ளிக்குரிய மேடையில் மூவரும் ஒன்றாக நின்றனர். தம் கடைசி ஒலிம்பிக்கில் இரண்டாம் இடம் பெற்ற பெல்ப்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.